கதவில் ஒட்டிய கடிதமும் விளக்குக் கம்பத்து நோட்டீஸும்



எங்கள் ஆலோசனை நேரத்துக்கு வருபவர்கள் அநேகமாக ஒரு பிளாஸ்ரிக் பையோடுதான் வருவார்கள். பைக்குள் கடிதங்கள் இருக்கும். ஹோம் ஒஃபிஸ் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், பீட்ஸாக் கடை விளம்பரம், எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். கவுன்சிலில் இருந்து வந்தவை மட்டும் உடைக்கப்படாமல் இருக்கும். "அது வீட்டுக்காரருக்கு வந்தது ரீச்சர், எனக்கில்லை" என்பார்கள். இந்த மாதப் பாடம் அந்தக் கடிதங்களைப் பற்றியது.

ஒரு மாரி காலத்தில் ஒரு தம்பி வந்தார். மனோர் பார்க்கில், றொம்ஃபோர்ட் றோட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில், ஒரு வீட்டின் பின்வளவுக் கொட்டிலில் இருந்தவர். இங்கே அதை ஷெட் என்பார்கள். ஒரு கட்டில், ஒரு ஹீட்டர், கூரையில் ஈரம். ஒரு நாள் பின்னேரம் அந்தக் கதவில் கவுன்சில் கடிதம் ஒட்டியிருந்தது. அவருக்கு அதில் விளங்கிய சொல் ஒன்றே ஒன்று: 'என்ஃபோஸ்மன்ற்'. அந்தச் சொல்லை அவர் முதலே கண்டிருக்கிறார், இமிகிறேஷன் அதிகாரிகளின் ஜாக்கெற் முதுகில். அன்றிரவே உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வேறொரு ஊரில் இருந்த நண்பனிடம் போய்விட்டார். விலாசம் மாறியதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அசைலம் இன்ரவியூவுக்கான கடிதம் பழைய விலாசத்துக்கு வந்தது. அவர் போகவில்லை. போகாதவர் தன் விண்ணப்பத்தைத் தானே கைவிட்டதாகக் கணக்கெடுக்கப்படும். அதைத் திரும்பத் திறப்பிக்க அவருடைய சொலிசிட்டர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

கதவில் ஒட்டியிருந்த கடிதம் அவருக்கு எதிரானதே இல்லை. அந்தக் கொட்டிலை ஆள் இருக்கிற வீடாக்கி வாடகைக்கு விட்டவருக்கு எதிரானது.

'என்ஃபோஸ்மன்ற்' என்றால் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது. அவ்வளவுதான். இமிகிறேஷனுக்கு ஒரு என்ஃபோஸ்மன்ற் பிரிவு இருக்கிறது, கார் நிறுத்துவதற்கு ஒன்று, குப்பைக்கு ஒன்று, கட்டட அனுமதிக்கு ஒன்று. எனவே அந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன சொல் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். 'பிளானிங் என்ஃபோஸ்மன்ற்' என்றிருந்தால் அது கட்டடத்தைப் பற்றிய விஷயம்.

சரி, பிளானிங் என்றால் என்ன? ஊரில் அப்பா பின்பக்கம் ஒரு குசினியை இறக்கிக் கட்டினால், பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த நாட்டில் கதை வேறு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 1948 ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து காணி உங்களுடையதாக இருந்தாலும் அதில் புதிதாகக் கட்டவோ, இருப்பதை வேறு தேவைக்கு மாற்றவோ அனுமதி வேண்டும். மாற்றுவது என்பதைக் கவனியுங்கள். ஒரு செங்கல்லும் வைக்காமலே பிளானிங்கை மீறலாம். குடும்பம் இருந்த வீட்டை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடுவது ஒரு மாற்றம். நியூஹாம் கவுன்சில் பிரதேசத்தில் மூன்று பேருக்கான சிறிய பங்கு வீடாக மாற்றுவதற்கே அனுமதி கேட்க வேண்டும். வேறு பல ஊர்களில் ஆறு பேர் வரைக்கும் அது தேவையில்லை. பின்வளவில் ஒரு அளவுக்குள் ஷெட் கட்டலாம், சைக்கிள் வைக்கலாம், உடற்பயிற்சி செய்யலாம். ஆனால் ஒருவர் சமைத்துப் படுத்து வாழ்கிற தனி வீடாக அதை ஆக்க அனுமதி வேண்டும்.

இந்தக் கொட்டில் வீடுகள் இந்தப் பக்கத்தில் பெரிய பிரச்சினையாக இருந்து வந்தவை. 2012இல் அரசாங்கம் இதைக் கண்டுபிடித்து நிறுத்துவதற்கென்று ஒன்பது கவுன்சில்களுக்குப் பணம் ஒதுக்கியது. நியூஹாமும் பக்கத்து ரெட்பிரிட்ஜும் அவற்றில் இரண்டு. 2013 ஜனவரி முதலாம் திகதி, தனியார் வாடகை வீடுகளுக்கு முழுப் பிரதேசத்திலும் லைசன்ஸ் கட்டாயம் என்று கொண்டுவந்த முதல் கவுன்சில் இங்கிலாந்திலேயே நியூஹாம்தான். அந்தத் திட்டம் 2023இல் இரண்டாவது தடவையாகப் புதுப்பிக்கப்பட்டது. மனோர் பார்க் அதற்குள் வருகிறது. உங்கள் வீட்டுக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம், அந்தப் பதிவேடு பகிரங்கமானது. பிளானிங் வேறு, லைசன்ஸ் வேறு, கட்டடம் பாதுகாப்பாகக் கட்டப்பட்டதா என்று பார்க்கிற பிரிவு வேறு. மூன்றும் ஒரே கவுன்சிலுக்குள் இருக்கும் மூன்று மேசைகள். ஒரு மேசைக்குத் தெரிந்தது மற்ற மேசைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் சிலர் சொல்லுகிற ஒரு கதை இருக்கிறது. "நாலு வருஷம் கழிஞ்சால் கவுன்சில் ஒண்டும் செய்யேலாது." அது பழைய கணக்கு. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அந்த எல்லை 10 வருடம். அந்தத் திகதிக்கு முன்னரே முடிந்த வேலைகளுக்கு மட்டுமே நாலு வருடம் பேசலாம். வேண்டுமென்று ஒளித்து வைத்திருந்தால் அதுகூட உதவாது. சரே பகுதியில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளை மலைபோல் அடுக்கி, அதற்குப் பின்னால் ஒரு கோட்டையே கட்டிக் குடும்பத்தோடு இருந்தார். 2006இல் வைக்கோலை எடுத்தார். பிறகு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, கடைசியில் 2016இல் தானே அதை இடிக்க வேண்டி வந்தது. எங்கள் ஆட்களுக்குத்தான் மூளை என்று நினைத்திருந்தேன்.

இப்போது நோட்டீஸ் வந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். முதலில் யாரோ முறைப்பாடு செய்வார்கள், அல்லது கவுன்சிலே காணும். ஒரு அதிகாரி வருவார். அடையாள அட்டையைக் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மக்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் பிளானிங் அதிகாரி உரிமையோடு நுழைய வேண்டுமானால், அங்கு இருப்பவருக்கு 24 மணிநேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். சிலவேளை கேள்விகள் நிறைந்த ஒரு கடிதம் வரும். எவ்வளவு காலம் இருக்கிறீர்கள், யாருக்கு வாடகை கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கும். அது உங்கள் பெயருக்கு வந்தால் 21 நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விடுவதும் பொய் எழுதுவதும் குற்றம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், "கேட்டால் விருந்தாளி எண்டு சொல்லு" என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பொய்யால் காப்பாற்றப்படுகிறவர் வீட்டுக்காரர். எழுத்தில் மாட்டுகிறவர் நீங்கள். அசைலம் கேட்டு நிற்கும் ஒருவரின் பேச்சில் ஒரு பொய் பதிவாவது எவ்வளவு பாரதூரமானது என்று உங்கள் சொலிசிட்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் என்ஃபோஸ்மன்ற் நோட்டீஸ். சட்டப்படி அதன் பிரதியை உரிமையாளருக்கும் கொடுக்க வேண்டும், அங்கே குடியிருப்பவருக்கும் கொடுக்க வேண்டும். அதனால்தான் உங்கள் கதவுக்கும் வருகிறது. அது கொடுக்கப்பட்டு குறைந்தது 28 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். பிறகும் கொட்டிலைக் காலி செய்ய, சமையலறையைக் கழற்ற என்று ஒரு தவணை இருக்கும். உரிமையாளர் அப்பீல் செய்தால் இன்னும் இழுபடும். அன்றிரவே ஓட ஒரு காரணமும் இல்லை.

கவுன்சிலும் ஹோம் ஒஃபிஸும் ஒன்றா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் நடுவில் மதில் இருக்கிறது என்றும் நான் பொய் சொல்ல மாட்டேன். 2012இல் கவுன்சில்கள் நடத்திய சில சோதனைகளுக்கு அப்போதிருந்த எல்லை முகவரகத்தினரும் சேர்ந்து வந்தார்கள். உங்கள் விண்ணப்பம் நிலுவையில் இருந்தால், உங்கள் விலாசம் ஹோம் ஒஃபிஸிடம் சரியாக இருந்தால், அசைலம் கார்ட் கையில் இருந்தால், ஒரு பிளானிங் அதிகாரி உங்களைக் கண்டதால் உங்கள் வழக்கு கெட்டுவிடாது. விலாசத்தை மறைத்தால்தான் கெடும். விண்ணப்பம் முடிந்து போனவர்கள், அல்லது விண்ணப்பமே கொடுக்காதவர்கள், யாரோடும் பேசுமுன் ஒரு சொலிசிட்டரைக் காண வேண்டும்.

இடம் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அசைலம் விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்கு வீடற்றவர் என்ற முறையில் கவுன்சில் பொதுவாக வீடு கொடுக்காது. ஆனால் போக இடமில்லாதவர் ஹோம் ஒஃபிஸின் அசைலம் சப்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மைக்ரன்ற் ஹெல்ப் நிறுவனத்தின் இலவச இலக்கம் 0808 8010 503. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். பிள்ளைகள் இருந்தால் கவுன்சிலின் பிள்ளைகள் நலப் பிரிவுக்கும் கடமை உண்டு. நோட்டீஸ் வந்த கிழமையே எங்களிடம் வந்தால் இதையெல்லாம் செய்ய நேரம் இருக்கும். லைசன்ஸ் இல்லாமல் வாடகை வாங்கியவரிடம் வாடகையைத் திரும்பக் கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு. அது தனிப் பாடம், இன்னொரு இதழில் எழுதுகிறேன்.

இனி விளக்குக் கம்பம். தெருவில் நடக்கும்போது கம்பத்தில் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு தாள் கட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது யாரோ அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்ற அறிவித்தல். பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் போடலாம், அல்லது இப்படிக் கட்டலாம். சாதாரண விண்ணப்பங்களுக்கு இரண்டில் ஒன்று போதும். கடிதம் வந்தால் உறையில் உங்கள் பெயர் இருக்காது, 'தி ஒக்கியுப்பையர்' என்றிருக்கும். குடியிருப்பவர் என்று பொருள். அது நீங்கள்தான்.

கருத்துச் சொல்ல 21 நாள் தருவார்கள். அதற்கு வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, வாக்குரிமை வேண்டியதில்லை, விசா வேண்டியதில்லை. இதை நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. உண்மை அதுதான். ஆனால் என்ன எழுதுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. "உவர் கூடாத மனுசன், எங்களோட கதைக்கிறேல்லை" என்று எழுதினால் அதிகாரி அதைப் பார்க்கவே மாட்டார். வீட்டின் விலை குறையும் என்பதும் எடுபடாது. வெளிச்சம் மறையும், யன்னலால் எங்கள் அறை தெரியும், இரவு சத்தம், சமையல் புகை, வாகன நெரிசல், தள்ளுவண்டி போக இடமில்லை: இவை எடுபடும். பெரும்பாலானவற்றை அதிகாரிகளே தீர்மானிப்பார்கள். பெரியவையும் பிரச்சினையானவையும் கவுன்சிலர்களின் கமிற்றிக்குப் போகும். சிறிய விண்ணப்பத்துக்கு 8 கிழமை, பெரியதுக்கு 13 கிழமை என்று கணக்கு. மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தவர் அப்பீல் செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் எதிர்த்தவருக்கு அப்பீல் இல்லை. அது நியாயமா என்று கேட்காதீர்கள், எனக்கும் பிடிக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் எழுதுகிற கருத்து பகிரங்கம். பெயரும் விலாசமும் எவரும் பார்க்கக்கூடியதாக வரலாம். ஊரில் இருந்தோ இங்கிருந்தோ உங்களைத் தேடக்கூடியவர்கள் இருந்தால் தனியாக எழுத வேண்டாம். உங்கள் பகுதிக் கவுன்சிலரிடம் சொல்லலாம், அல்லது ஒரு அமைப்பின் பெயரில் எழுதலாம். கவுன்சிலரைக் காணவும் வாக்குரிமை தேவையில்லை. அவர் தன் பகுதியில் குடியிருக்கும் எல்லோருக்கும் பொறுப்பு. வாக்கைப் பொறுத்தவரை, இலங்கையும் இந்தியாவும் கொமன்வெல்த் நாடுகள் என்பதால், இங்கே தங்கும் அனுமதி கிடைத்த நாளிலிருந்து அந்த நாட்டுக் குடிமக்கள் வாக்காளராகப் பதியலாம். அதுவரை இல்லை. தெரியாமல் பதிந்துவிடாதீர்கள்.

சாதாரண ஆட்கள் எழுதி என்ன நடக்கப் போகிறது என்பவர்கள் அப்ரன் பார்க் ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் குயின்ஸ் மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். மீனும் முருங்கைக்காயும் துணியும் விற்கிற சந்தை. அதை இடித்துக் கட்டும் திட்டம் வந்தது. வியாபாரிகளும் சாமான் வாங்குகிறவர்களும் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வைத்தார்கள். கையெழுத்து வைத்தவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருந்திருக்கும். உள்ளே வர இருந்த பெரிய சூப்பர்மார்க்கெட் 2006இல் விலகியது. பிறகு 31 மாடிக் கோபுரத்தோடு திட்டம் திரும்பி வந்தது. 2009இல் அப்போதைய லண்டன் மேயர் பொரிஸ் ஜோன்சன் அதை மறுக்கும்படி உத்தரவிட்டார். மிகப் பெரிய திட்டங்களில் லண்டன் மேயருக்கு அந்த அதிகாரம் உண்டு. சந்தை இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது வீதி. ஊரில் ஏ9 வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, வீட்டுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கை பிரதேச சபையுடையது. குழி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் யாரிடம் போவது என்று தெரியும். இங்கேயும் அதே கதைதான். மனோர் பார்க்கில் றொம்ஃபோர்ட் றோட், சேர்ச் றோட், உங்கள் சின்னத் தெரு எல்லாம் நியூஹாம் கவுன்சிலின் பொறுப்பு. கிழக்கு ஓரமாக றோடிங் ஆற்றோடு ஓடும் நோர்த் சேர்க்குலர் ட்ரான்ஸ்போர்ட் ஃபோர் லண்டனுடையது. ஆற்றைத் தாண்டி இல்ஃபோர்ட் பக்கம் போனால் அது ரெட்பிரிட்ஜ் கவுன்சில். வடக்கே வான்ஸ்ரெட் ஃபிளற்ஸ் புல்வெளியில் ஒரு மரம் விழுந்தால் நியூஹாமுக்கு அடித்துப் பயனில்லை, அது நகர மத்தியில் இருக்கும் சிற்றி ஒஃப் லண்டன் கோப்பரேஷனின் பராமரிப்பில் உள்ளது. ஏன் என்று கேட்டால் 1878இல் வந்த எப்பிங் காட்டுச் சட்டத்திலிருந்து கதை தொடங்கும். குழாய் வெடித்துத் தண்ணீர் ஓடினால் தேம்ஸ் வோட்டர்.

சட்டத்தில் 'ஹைவே' என்றால் பெரிய நெடுஞ்சாலை இல்லை. நடைபாதையும் அதற்குள் அடங்கும். 1980ஆம் ஆண்டு ஹைவேஸ் சட்டம் அதைப் பராமரிக்கும் கடமையைக் கவுன்சிலுக்குக் கொடுக்கிறது. உடைந்த கல்லில் இடறி விழுந்து கை முறிந்த ஒரு அம்மா "என்ர கவனக்குறைவுதான்" என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நஷ்டஈடு கேட்க 3 வருடம் இருந்தது. நாங்கள் அறிந்தபோது கல்லை மாற்றிவிட்டார்கள், படம் ஒன்றும் இல்லை. விழுந்தால் அன்றே படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயம் அல்லது அடிமட்டம் வைத்து, ஆழம் தெரிகிற மாதிரி. எந்த வீட்டு வாசலுக்கு முன் என்று இலக்கத்தோடு எழுதுங்கள். ஆஸ்பத்திரித் துண்டை எறியாதீர்கள். கவுன்சிலும் சும்மா காசு தராது. ஒழுங்காகப் பார்வையிட்டு வந்தோம், யாரும் சொல்லவில்லை என்று அவர்கள் வாதாடலாம். அதனால்தான் குழியைக் கண்டவர் விழுமுன்னரே அறிவித்து வைப்பது, பிறகு விழுகிற இன்னொருவருக்கு உதவும்.

நடைபாதையில் கார் நிறுத்துவது லண்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது, அனுமதிக்கும் பலகை உள்ள இடம் தவிர. வீடு மாறும்போது பழைய மெத்தையை நடைபாதையில் வைத்துவிட்டுப் போவதும் குற்றம். அந்த இடத்திலேயே விதிக்கும் தண்டப் பணம் 2023 முதல் 1,000 பவுண் வரை போகலாம். கிழமைக்குச் சில பவுண்களில் வாழ்கிறவருக்கு அது எத்தனை வருடக் காசு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கோடையில் சேர்ச் றோட்டில் இருக்கும் முருகன் கோவில் தேர் வெளியே வருவதைப் பார்க்கப் போவீர்கள். வீதி மூடி, பஸ் வேறு பாதையில் போகும். ஒரு வீதியை இப்படி மூட கவுன்சிலின் தற்காலிக உத்தரவு வேண்டும், பல கிழமைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் கம்பத்தில் நோட்டீஸ் கட்டியிருக்கும். தேங்காய் உடைக்கப் போகும்போது அதையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

ஹோம் ஒஃபிஸ் உங்களை லண்டனுக்கு வெளியே அனுப்பினால் ஒரு விஷயம் மாறும். சின்ன ஊர்களில் 'ரவுண் கவுன்சில்' என்று ஒன்று இருக்கும். நியூஹாமில் அது இல்லை. எங்கள் ஊர் நகரசபை என்று நினைத்து அங்கே குழியைச் சொல்லப் போனால், "எங்கள் வேலையில்லை" என்பார்கள். பிளானிங்கில் அவர்களிடம் கருத்துக் கேட்பார்கள், முடிவெடுப்பது மாவட்டக் கவுன்சில். வீதி கவுண்டி கவுன்சிலுடையது. சில இடங்களில் இரண்டையும் ஒரே கவுன்சில் செய்யும். ஆனாலும் ரவுண் கவுன்சில் கிளாக்கிடம் போவது வீண் இல்லை. ஊரில் யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியும், பெரும்பாலும் அன்பாகவே பேசுவார்.

கடைசியாக, ரெலிபோனில் சொல்ல நாலு வசனம். கண்ணாடிக்கு முன் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், வெட்கம் வேண்டாம்.

"தமிழ் இன்ரெப்ரெற்றர், பிளீஸ்." தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

"ஐ வோன்ற் ரு ரிப்போட் எ புறோக்கன் பேவ்மன்ற்." உடைந்த நடைபாதை ஒன்றை அறிவிக்க வேண்டும்.

"ஐ ஹாவ் எ லெற்றர் ஃபுறொம் பிளானிங். ஐ ஆம் த ரெனன்ற்." பிளானிங்கில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. நான் வாடகைக்கு இருப்பவர்.

"கான் யூ கிவ் மீ த ரெஃபரன்ஸ் நம்பர்?" இதைக் கேட்டு, திகதியோடும் பேசியவர் பெயரோடும் கொப்பியில் எழுதி வையுங்கள். எங்களிடம் வரும்போது அந்தக் கொப்பியையும், கடிதம் வந்த உறையையும் கொண்டுவாருங்கள். நாள் கணக்கு உறையில் உள்ள முத்திரையைப் பார்த்துத்தான் போட வேண்டி வரும்.